ஜெனரல் இன்ஷூரன்ஸ் மாடலிங் படிக்கப் போகிறீர்களா? முதலில் டேட்டா பிறந்த இடத்தைப் பாருங்கள்

பாலக்காட்டு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் எம்எஸ்சி புள்ளியியல் படிக்கக் கிழக்கே கோயம்புத்தூருக்குப் போகிறார்கள், இல்லையென்றால் மேற்கே கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்கு. அவர்களில் சிலர் ஜெனரல் இன்ஷூரன்ஸ் (ஆயுள் அல்லாத வண்டி, வீடு போன்றவற்றின் காப்பீடு) மாடலிங்கைப் புராஜெக்டாக எடுத்துக்கொண்டு என்னிடம் பேச வருவார்கள். கூடவே வரும் அப்பாமார் கேட்பது ஒரே கேள்விதான்: "பாலிசி பிடிக்கிற வேலைக்கா சார் இவ்வளவு படிப்பு?"

பாலிசி பிடிப்பது வேறு வேலை. அந்த பாலிசிக்கு எவ்வளவு பிரீமியம் வாங்கினால் கட்டுபடியாகும், நேற்று நடந்த விபத்துக்கு ஐந்து வருடம் கழித்து எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுவது எங்கள் வேலை. நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் பிரிவில் இருப்பதால் உதாரணங்களும் மோட்டாரிலிருந்தே வரும்.

பாடத்தில் சொல்லித் தருவதன் சாரம் எளிது. ஒரு வண்டி வருடத்துக்கு எத்தனை கிளெய்ம் கொண்டுவரும், ஒரு கிளெய்ம் சராசரியாக எவ்வளவு ஆகும், இரண்டையும் பெருக்கு. எண்ணிக்கைக்குப் பாய்சான் பரவல், தொகைக்கு காமா பரவல். இரண்டையும் 1972-ல் நெல்டரும் வெட்டர்பர்னும் கொடுத்த ஜிஎல்எம் (பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரி) சட்டகத்துக்குள் வைத்து, லாக் லிங்க் (சராசரியின் மடக்கையை மாடல் செய்வது) போட்டால் வயது, வண்டி வகை, ஊர் எல்லாம் பெருக்கல் காரணிகளாக வந்து உட்கார்ந்துவிடும். ஒரு செமஸ்டரில் கை வந்துவிடும் விஷயம். மாணவர்கள் தடுக்கி விழுவது அதில் அல்ல. டேட்டாவின் ஒவ்வொரு வரியும் எப்படி உண்டானது என்று தெரியாமல் மாடல் போடுவதில்தான்.

எக்ஸ்போஷரையே, அதாவது பாலிசி ரிஸ்க்கில் இருந்த காலத்தையே, எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 1-ல் எடுத்த பாலிசி மார்ச் 31 வரைக்கும் அரை வருடம்தான் ரிஸ்க்கில் இருந்திருக்கிறது. மூன்று மாதத்தில் வண்டியை விற்று ரத்து செய்த பாலிசி கால் வருடம். ஆயிரம் பாலிசி, முப்பது கிளெய்ம், அதனால் மூன்று சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஆயிரமும் சராசரியாக அரை வருடம்தான் இருந்தன என்றால் உண்மையான விகிதம் வருடத்துக்கு ஆறு. வருடம் முழுக்கப் பறித்த தோப்பையும் ஒரே வெட்டு இறக்கிய தோப்பையும் பக்கத்தில் வைத்து எது நல்ல காய்ப்பு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். மாடலில் இதற்கு வழி ஒற்றை வரிதான்: எக்ஸ்போஷரின் லாகை ஆஃப்செட்டாக, அதாவது கெழு 1 என்று நிறுத்திய உறுப்பாக, போடுவது. அந்த வரி இல்லாத புராஜெக்ட் அறிக்கைகள் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்திய கம்பெனி டேட்டா மாணவர்கள் கைக்கு எளிதில் வராது. அதனால் பெரும்பாலும் பிரெஞ்சு மோட்டார் டேட்டாவை எடுக்கிறார்கள், ஆர் மொழியில் காஸ்டேட்டாசெட்ஸ் பேக்கேஜில் இருப்பது. 6,78,013 பாலிசிகள், பழகுவதற்கு அருமையான தொகுப்பு. ஆனால் கிளெய்ம் தொகையை ஹிஸ்டோகிராமில் போட்டால் நடுவில் ஈட்டி மாதிரி சில கோடுகள் நிற்கும். 1,128.12 யூரோ, 1,172 யூரோ என்று அதே தொகைகள் திரும்பத் திரும்ப வரும். காமா அங்கே எப்படிப் பொருந்தும்? பிரான்சில் கம்பெனிகள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்து, சில வகை விபத்துகளை நிர்ணயித்த தொகைக்கே தீர்த்துக்கொள்கின்றன. ஈட்டிகள் அதன் தடயம். அவுட்லையர் (ஒட்டாத புள்ளி) என்று சொல்லி அவற்றை வெட்டி எறிந்த மாணவரிடம் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை.

சரி, நம்மூருக்கு வருவோம். 2002-ன் மோட்டார் டாரிஃபில், அதாவது எல்லா கம்பெனிக்கும் பொதுவான கட்டணப் பட்டியலில், கார், டூவீலர்களுக்கு இரண்டே மண்டலம். சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற எட்டு பெருநகரங்கள் ஏ, மிச்ச இந்தியா முழுக்க பி. பொள்ளாச்சியும் பாலக்காட்டுச் சித்தூரும் அதில் ஒன்றுதான். 2007 ஜனவரி 1 முதல் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பிரீமியத்தைக் கம்பெனிகளே தீர்மானிக்கலாம் என்று ஆனதும் ஆர்டிஓ குறியீடு வாரியாகப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. அங்கேதான் எல்லைப் பகுதியின் சிக்கல். சித்தூரின் கேஎல்-70 நம்பர் போட்ட கார் தினமும் கோயம்புத்தூர் சிக்னல்களில் நிற்கிறது. பொள்ளாச்சியின் டிஎன்-41 வண்டி மீனாட்சிபுரம் தாண்டி இந்தப் பக்கத் தோப்பிலேயே கிடக்கிறது. நம்பர் பிளேட் சொல்வது பதிவான ஊரை, ஓடும் ஊரை அல்ல. ஆந்திர எல்லையில் இன்னொரு கதை: 2019-லிருந்து அங்கே புது வண்டிகளுக்கு மாநிலம் முழுக்க ஒரே வரிசைதான், ஏபி-39-ல் தொடங்கியது. நகரி வண்டியா, விசாகப்பட்டினம் வண்டியா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாலிசிதாரரின் பின்கோடு கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு ஊருக்கும் கையளவு கிளெய்ம்தான் மிஞ்சும். 1967-ல் பூல்மன் எழுதிய கிரெடிபிலிட்டி முறை உதவுவது இங்கேதான். ஊரின் சொந்த அனுபவத்துக்கு எவ்வளவு எடை, மொத்தச் சராசரிக்கு எவ்வளவு எடை என்று அது பிரித்துத் தரும்.

தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கான காப்பீடு, தனி உலகம். "ஜிஎல்எம் வைத்து தேர்ட் பார்ட்டி பிரீமியம் நிர்ணயிப்பேன்" என்று புராஜெக்ட் தலைப்பு வைக்காதீர்கள். இந்தியாவில் அதை நிர்ணயிப்பது அரசு. கம்பெனிக்கு மாடல் தேவைப்படுவது ரிசர்வ் (பின்னால் கொடுக்க வேண்டியிருக்கும் தொகை) ஒதுக்கத்தான்.

இழப்பீட்டுத் தொகை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். இறந்தவருக்கு வயது 24, மாத வருமானம் 15,000, சொந்தத் தொழில். உச்ச நீதிமன்றத்தின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000. கல்யாணம் ஆகாதவர் என்றால் சொந்தச் செலவுக்குப் பாதி கழியும், 10,500. பன்னிரண்டு மாதம், அப்புறம் 2009-ன் சர்லா வர்மா தீர்ப்பு அந்த வயதுக்குத் தந்த பெருக்கி 18. ஆக 22,68,000. அதே ஆளுக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தால் கழிவு மூன்றில் ஒரு பங்குதான், தொகை 30,24,000. இதர தலைப்புகளும் வட்டியும் தனி. மோதிய வண்டி ஒன்றே, விபத்து ஒன்றே. தொகையை மாற்றிய எந்தத் தகவலும் பாலிசி விண்ணப்பத்தில் கிடையாது. வண்டியின் சிசியையும் வயதையும் வைத்து இந்தத் தொகையைக் கணிக்கப் பார்த்தால் மாடல் கை விரிக்கும். அது மாடலின் குற்றம் அல்ல.

இதில் காலதாமதமும் சேரும். வாளையாரில் நடந்த விபத்துக்குப் பாலக்காட்டுத் தீர்ப்பாயத்திலும் வழக்குப் போடலாம், குடும்பம் கோவையில் இருந்தால் கோவையிலும் போடலாம். ரிசர்வ் கணக்குப் போடும் செயின் லேடர் முக்கோணம் (விபத்து வருடம், தாமத வருடம் வாரியான அட்டவணை) பழைய வேகமே தொடரும் என்று நம்புகிறது. ஆனால் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. அந்தத் தேதிக்கு முந்தைய விபத்துகளின் தாமதத்தை வைத்துப் பிந்தையவற்றைக் கணித்தால் என்ன ஆகும் என்பதே நல்ல எம்எஸ்சி தலைப்பு.

சின்னக் கிளெய்ம்கள் டேட்டாவில் குறைவாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். 50-ல் இருப்பவர் பம்பர் கீறலுக்குப் பட்டறையிலேயே காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம் இன்னொரு வகை: ஒவ்வொரு கிளெய்மும் தனித்தனி என்ற அனுமானம் ஒரே வாரத்தில் மூழ்கிப்போகும். அதைப் பாய்சானுக்குள் திணிக்காமல் தனியாக எடுத்து வையுங்கள்.

பெற்றோருக்கும் கொஞ்சம். எம்எஸ்சி முடித்தால் மட்டும் ஆக்சுவரி (காப்பீட்டுக் கணிப்பாளர்) ஆகிவிட முடியாது. 2006-ன் ஆக்சுவரீஸ் சட்டத்தின் கீழ் இயங்கும் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியாவின் தேர்வுகளைத் தனியாக எழுத வேண்டும். சிஎஸ்1, சிஎஸ்2 தாள்கள் எம்எஸ்சி பாடத்தோடு நன்றாக ஒத்துப்போகும், அவற்றில் ஆர் மொழியும் உண்டு. ஜெனரல் இன்ஷூரன்ஸுக்கென்று பின்னால் எஸ்பி7, எஸ்பி8 வரும். முடிக்கப் பல வருடம் பிடிக்கும், நடுவிலேயே வேலையும் கிடைக்கும். ஒரே வருடத்தில் ஆக்சுவரி, வேலை உத்தரவாதம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டும் முன், அவர்கள் தரும் சான்றிதழ் இன்ஸ்டிட்யூட்டுடையதா, அவர்களுடையதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆர் மொழியும், பிரெஞ்சு டேட்டாவும், செயின்லேடர் பேக்கேஜும் இலவசம்தான். ஆஃப்செட் போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு அவுட்புட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பேசலாம்.