மூச்சுக்காற்றில் ஒட்டிய தங்கம்

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் பழைய சாசனப் படம் ஒன்றை அனுப்பி, “இந்தத் தங்கம் இத்தனை நூற்றாண்டாக எப்படி உதிராமல் மின்னுகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி.

முதலில் சாசனம். இங்கிலாந்து அரசர் ஆறாம் ஹென்றி 1441இல் நிறுவிய கல்லூரி அது. படிப்போடு, நிறுவிய அரசருக்காகத் தேவாலயத்தில் பிரார்த்தனை செய்வதும் அங்கிருந்தவர்களின் கடமை. கல்லூரிக்குக் கொடுத்த நிலங்களையும் சலுகைகளையும் 1446இல் நாடாளுமன்ற ஒப்புதலோடு உறுதி செய்தார்கள். அதற்காக எழுதிய சாசனம்தான் இது. அதிலுள்ள ஓவியத்தில் அரசர் மண்டியிட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் பிரபுக்கள், பொதுமக்களின் பிரதிநிதிகள். வரைந்தவர் லண்டன் ஓவியர் வில்லியம் ஏபெல் என்று கருதுகிறார்கள். இதே காலத்து ஈட்டன் கல்லூரிச் சாசனத்துக்காக அவருக்குக் கூலி கொடுத்த குறிப்பு அந்தக் கல்லூரிக் கணக்கில் இருக்கிறது.

சரி, தங்கத்துக்கு வருவோம். தங்க ரேக்கு, அதாவது தட்டித் தட்டி மெலிதாக்கிய தங்கத் தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அடுக்கி எண்ணினால் சில நூறு அணுக்கள். கையால் தொட்டால் விரலிலேயே அப்பிக்கொள்ளும். சாசனம் எழுதப் பயன்பட்ட, பதப்படுத்திய விலங்குத் தோலில் அதை நேரடியாக ஒட்டினால் தோலின் சொரசொரப்பு அப்படியே தெரியும். அதனால் முதலில் ஒரு சிறு மேடு கட்டுவார்கள். 1400 வாக்கில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதி வைத்த செய்முறையில், நன்றாக அரைத்த ஜிப்சம் என்ற வெண்ணிறக் கனிமம், கொஞ்சம் ஈய வெள்ளை (ஈயத்திலிருந்து செய்த வெள்ளைப் பொடி), அதைவிடக் குறைவாகச் சர்க்கரை என்று வருகிறது. இவற்றைப் பிடித்து வைக்க முட்டை வெள்ளைக்கருவோ தோலிலிருந்து காய்ச்சிய பசையோ சேரும்.

அந்தச் சர்க்கரைதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மழைக்காலத்தில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் உள்ளே பிசுபிசுக்கும் இல்லையா, அதே குணம்தான் இங்கே வேலை செய்கிறது. மேடு நன்றாகக் காய்ந்த பிறகு ஓவியர் அதன் மேல் மெதுவாக ஊதுவார். நம் மூச்சுக்காற்று கிட்டத்தட்ட 34 டிகிரி வெப்பத்தில், நீராவி நிறைந்து வெளியே வருகிறது. குளிர்ந்த மேட்டில் பட்டதும் அது மெல்லிய ஈரமாகப் படிகிறது. சர்க்கரை அதை உடனே இழுத்துக்கொள்கிறது. பசையின் புரதச் சங்கிலிகள் நீரேறி நெகிழ்ந்து, சில நொடிகளுக்கு மட்டும் மேற்பரப்பு ஒட்டும் பதத்துக்கு வருகிறது. அந்த நொடிகளுக்குள் ரேக்கை வைத்து அழுத்த வேண்டும். ஈரம் போனதும் சங்கிலிகள் மறுபடி இறுகி, தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு படாத தோலில் ரேக்கு அவ்வளவாக ஒட்டாது. அங்கே கிடப்பதைத் தூரிகையால் தள்ளிவிடலாம்.

ஈரம் கூடினாலும் ஆபத்துதான். மேடு குழைந்து, மேலே உள்ள தங்கமும் பொலிவிழந்துவிடும். அதனால் அன்றைய வானிலை பார்த்துத்தான் வேலை. முதல் ரேக்கின் மேல் இரண்டாவதை வைக்கப் பசையே வேண்டாம். தங்கத்தின் மேல் துருப் படலம் கிடையாது, அணுவோடு அணு நேராகச் சேர்ந்துவிடும்.

அப்புறம் மெருகு. வழவழப்பான கல்லாலோ நாய்ப்பல்லாலோ தேய்ப்பார்கள். மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாகும்போது ஒளி சிதறாமல் கண்ணாடிபோலத் திரும்புகிறது. மேடு வளைவாக இருப்பதால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஏதோ ஓரிடம் நம் கண்ணுக்கு ஒளியை அனுப்பிக்கொண்டே இருக்கும். வெள்ளி ரேக்கு கந்தகம் பட்டுக் கறுத்துப்போகும், தங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை.

இதையெல்லாம் ‘தொலைந்துபோன ரகசியம்’ என்று பரப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. தொலையவில்லை, எழுதி வைத்திருக்கிறார்கள், செய்து பார்க்கலாம். அதே கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தினர், ஏடுகளைத் தொடாமலே எக்ஸ் கதிர், லேசர் ஒளிகொண்டு எந்த நிறமி எங்கே இருக்கிறது என்று ஆராய்கிறார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அரசுகள் தாராளமாகவே பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு துகளைக்கூடச் சுரண்டி எடுக்காமல் விடை தெரிகிறதே!

அந்தச் சர்க்கரையும் பசையும் இன்றும் அடியில் இருக்கின்றன, காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இன்றும் நெகிழ்ந்து இறுகுகின்றன. மேடு விரிசல் விடுவதும் தங்கம் உதிர்வதும் பெரும்பாலும் அடியில் உள்ள தோல் சுருங்கி விரிவதால்தான். ஆவணக் காப்பகங்களில் அறையின் ஈரப்பதத்தை ஏற இறங்க விடாமல் ஒரே அளவில் வைத்திருப்பது இதற்காகவே.