மூழ்கும் கண்காட்சியா, சூழ்காட்சியா?

"மூழ்கடிக்கும் டிஜிட்டல் கலைக் கண்காட்சி" என்ற தொடரைச் செய்திகளிலும் முகநூல் பதிவுகளிலும் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது. "பிள்ளைகளை விஞ்ஞானத்தில் மூழ்கடிக்கும் அனுபவம்" என்றுகூட எழுதுகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் இருந்து இதை வாசிக்கிறவருக்கு 'மூழ்கடிக்கும்' என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று, ஆங்கில 'இமர்சிவ்' என்பதை இப்படி மொழிபெயர்த்தவர் ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும். கல்லடி, நாவலடி, காரைதீவு, மருதமுனை, 2004 டிசெம்பர் 26 சுனாமி. பிள்ளைகளையும் மூழ்கடித்தலையும் ஒரே வசனத்தில் வைக்க இங்கே யாருக்கும் கை வராது.

மனம் நோகிறது என்பதற்காக மட்டும் ஒரு சொல்லைத் தள்ளிவிட முடியாது, உண்மைதான். அந்தச் சொல் பொருளளவிலும் பிழை என்பதே என் வழக்கு.

முதலில் இந்தக் கண்காட்சி என்ன என்று பார்ப்போம். மண்டபத்தின் சுவர், தரை, சில இடங்களில் கூரை என்று எல்லாப் பக்கமும் பல புரொஜெக்டர்கள் படத்தை வீழ்த்துகின்றன. ஒன்றின் விளிம்பு மற்றதோடு பொருந்தும்படி கணினி ஒளியைக் கூட்டிக் குறைத்து ஒட்டுத் தெரியாமல் செய்கிறது. ஆள் எங்கே நிற்கிறார் என்பதை உணரிகள் அறிய, காட்சி அதற்கேற்ப மாறுகிறது. டோக்கியோவில் 2001இல் தொடங்கிய டீம்லாப் குழு இதில் பெயர் பெற்றது. அவர்கள் சிங்கப்பூரின் ஆர்ட்சயன்ஸ் அருங்காட்சியகத்தில் 2016இல் அமைத்த காட்சியில், ஒரு பிள்ளை நிறந்தீட்டிய காரையோ வீட்டையோ ஸ்கேன் செய்தால் அது சுவரில் ஓடும் நகரத்துக்குள் போய்விடும். கலையும் கணினியும் விஞ்ஞானமும் ஒரே அறையில் கூடும் இந்த வகைக்கு ஆங்கிலம் வைத்த அடைமொழி 'இமர்சிவ்'.

அதன் வேர் இலத்தீன். 'இன்' என்றால் உள்ளே, 'மெர்கெரே' என்றால் தோய்த்தல். ஆங்கிலத்தில் இந்தச் சொல் தண்ணீரை விட்டுத் தூரம் வந்துவிட்டது. தமிழில் 'மூழ்கு' இன்னும் தண்ணீரை விடவில்லை. வயல் மூழ்கிப் போச்சு, தோணி மூழ்கிப் போச்சு என்கிறோம். அடகு வைத்த நகையை மீட்க முடியாமல் போனால் அதுவும் மூழ்கிப் போச்சு. கடனில் மூழ்கினான், கவலையில் மூழ்கினாள். "மகிழ்ச்சியில் மூழ்கினர்" என்று பத்திரிகை எழுதும்போதுகூட முன்னால் ஒரு 'வெள்ளம்' வந்து ஒட்டிக்கொள்ளும். அதன் பிறவினையான 'மூழ்கடி' இன்னும் மோசம். அதில் அழிவைத் தவிர வேறு பொருளை நான் கண்டதில்லை.

சிலர் இதை உணர்ந்து 'அமிழ்வுக் கண்காட்சி' என்கிறார்கள். இது முன்னையதிலும் பெரிய குழப்பம். நம் பிள்ளைகள் ஆக்கிமிடிசின் தத்துவத்தைப் படிக்கும்போது பாய்மத்தில் அமிழ்ந்த பொருள், அதன்மேல் தாக்கும் மேலுதைப்பு என்றுதான் படிக்கிறார்கள். 'அமிழ்தல்' அவர்களுக்குத் திட்டமான ஒரு பௌதிகச் சொல். விஞ்ஞானம் சொல்லித்தரும் கண்காட்சியின் வாசலில் அதையே வேறு பொருளில் தொங்கவிட்டால், நிலைநின்ற ஒரு கலைச்சொல்லை நாமே கலைக்கிறோம்.

இன்னொரு போட்டியாளர் 'ஆழ்'. இதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். இறையன்பில் ஆழ்ந்தவர்களை ஆழ்வார் என்றது நம் மொழி. ஆழ்ந்து படித்தான், ஆழ்ந்த உறக்கம் எல்லாம் நல்ல வழக்கு. ஆனால் ஆழ்தல் பார்ப்பவரின் மனத்தில் நடப்பது. வெறும் தாளில் அச்சடித்த கதைக்குள்ளும் ஒருவர் ஆழலாம். இலட்சக்கணக்கில் செலவழித்த மண்டபத்துக்குள் நின்றுகொண்டு இன்னொருவர் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கலாம். 'ஆழ்நிலைக் கண்காட்சி' என்பது நடத்துபவர் விரும்பும் விளைவைச் சொல்கிறது. கண்காட்சியின் அமைப்பை அது சொல்வதில்லை. தொழில்நுட்பம் ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போது அமைப்பைச் சொல்வதே ஒழுங்கு.

அமைப்பு என்ன? காட்சி ஆளைச் சுற்றி நிற்கிறது. அதற்கு நம்மிடம் உள்ள சொல் 'சூழ்'. புளியந்தீவை வாவி சூழ்ந்திருக்கிறது, மூழ்கடிக்கவில்லை. இந்த வித்தியாசம் மட்டக்களப்பில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நம் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டக்களரியில் ஆட்டம் நடுவில் நடக்கும், சனம் சுற்றிவர இருக்கும். இந்தப் புதிய மண்டபத்தில் சனம் நடுவே நிற்க ஆட்டம் சுற்றிவர நடக்கிறது. ஆகவே காட்சிக்குச் 'சூழ்காட்சி' என்றும், அது நடக்கும் மண்டபத்துக்குச் 'சூழ்களரி' என்றும் சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. சூழ்காட்சி, ஊறுகாய் போல வினைத்தொகை. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் காட்சி என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

'சூழ்' என்றதும் சூழ்ச்சி நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். வரட்டும், அது நமக்குச் சாதகம். "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" என்று குறள் சொல்லும்போது அங்கே சதி எதுவும் இல்லை. ஆராய்ந்து எண்ணுவதன் முடிவு துணிவு கொள்ளுதல் என்பதே பொருள். சுற்றி நிற்பதும் சிந்திப்பதும் ஒரே வேரில் இருக்கின்றன. விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எந்த மொழியில் கிடைக்கும்? சூழல் என்ற சொல்லோடு மயங்கும் என்ற கவலையும் வேண்டாம். நம் அரச ஆவணங்கள் அதற்குச் 'சுற்றாடல்' என்றே எழுதுகின்றன.

ஐரோப்பியரும் முதலில் இப்படித்தான் எண்ணினார்கள். வட்ட மண்டபச் சுவர் முழுக்க ஓவியம் தீட்டிக் காட்டும் முறைக்கு 1787இல் காப்புரிமை பெற்ற ராபர்ட் பார்க்கரின் காட்சிக்குப் 'பனோரமா' என்று பெயர் அமைந்தது. எல்லாம், காட்சி என்ற இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அதில் தண்ணீர் இல்லை. கொழும்பில் 1965இல் திறந்த கோள்மண்டலமும் கவிந்த கூரை நிறைய வானத்தைக் காட்டி விஞ்ஞானம் சொல்லும் சூழ்காட்சிதான். அதை யாரும் 'மூழ்கு வானம்' என்று பெயரிடவில்லை. டோக்கியோவின் டொயோசுவில் 2018இல் திறந்த டீம்லாப் காட்சியில் மெய்யாகவே தண்ணீர் உண்டு, வெறுங்காலோடு இறங்கி நடக்க வேண்டும். அங்கும் அது முழங்கால் அளவுதான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. சென்னையில் 1936இல் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ஒலியின் கணக்கைக் கொண்டு பழைய யாழை மீட்டெடுக்க முயன்று 1947இல் யாழ் நூலைத் தந்தவர். கலையையும் விஞ்ஞானத்தையும் ஒரே கையில் பிடித்த அவருடைய மண்ணில், அவர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகமே கல்லடியில் இருக்கும்போது, கலைச்சொல்லை இயந்திர மொழிபெயர்ப்பிடம் விட்டுவிட்டு அது கக்கும் முதற் சொல்லை அப்படியே பதாகையில் அச்சடிக்கிறோம். அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பாகாது. அந்தப் பதாகையின் கீழ் நிற்கப்போகும் சனத்திடம் சத்தமாக வாசித்துக் காட்டியிருந்தாலே பிழை தெரிந்திருக்கும். 'வேர்ச்சுவல்' என்பதற்கு மெய்நிகர் என்ற சொல் நம் கண்முன்னே நிலைத்தது, யாரோ சலிக்காமல் எழுதியதால்.

புதுச்சொல் உடனே பிடிபடாது என்று தயங்குகிறவர்கள் முதல் அழைப்பிதழில் விரித்தே எழுதலாம்: "ஒளியும் ஒலியும் சூழ விஞ்ஞானம் அறியும் காட்சி." இரண்டாவது அழைப்பிதழில் சூழ்காட்சி என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.