பார்க்கப் பார்க்க மங்கும் ஜெல்

புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய ஜெல் தகட்டை, சைப்ரோ ஆரஞ்சு என்ற ஒளிரும் சாயத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் புற ஊதா விளக்கு மேடையில் வைத்தால் பேண்டுகள், அதாவது புரதங்கள் நிற்கும் கோடுகள், பளிச்சென்று தெரியும். உடனே பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, எது எந்தப் புரதம் என்று கதை பேசி, அப்புறம்தான் கேமராவை ஃபோகஸ் செய்ய ஆரம்பிப்போம். நானும் அப்படித்தான் செய்தேன். படத்தில் மெல்லிய பேண்டுகளைக் காணோம். கதை பேசிய நேரத்தில் விளக்கின் ஒளியே சாயத்தை மங்கடித்துவிட்டது.

கலர் துணியை உள்பக்கம் திருப்பி நிழலில் காயப்போடுகிறோமே, அதே சங்கதிதான். சாய மூலக்கூறு ஒளியை விழுங்கியதும் அதன் எலக்ட்ரான் மேலேறி, சில நானோ நொடிகளில் இறங்கி, வேறு நிறத்தில் ஒளியை உமிழ்கிறது. இதில் கெடுதல் இல்லை. ஆனால் எப்போதாவது ஒரு முறை எலக்ட்ரான் நேராக இறங்காமல் 'மும்மை நிலை' என்ற இடத்தில் மாட்டிக்கொள்ளும், அங்கே ஆயிரம் மடங்குக்கும் மேல் நேரம் தங்கும். ஈர ஜெல்லில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்த நேரத்தில் வந்து மோதினால், ஆக்சிஜனே வீரியம் கூடி மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளை உடைத்துவிடும். அதோடு அந்த மூலக்கூறு அவ்வளவுதான்.

விளக்கைக் குறைத்தால் போதுமா என்றால், அதில் பெரிய லாபமில்லை. பாதி வெளிச்சத்துக்கு இரட்டிப்பு நேரம் படம் எடுக்க வேண்டும், சாயம் அழிவது ஒன்றுதான். கேமராவுக்குப் போகாத ஒளிதான் வீண். அதனால் மேடையில் ஒரு ஸ்கேலை வைத்து அறை வெளிச்சத்திலேயே ஃபோகஸ் செய்து, கேமரா லென்ஸின் துளையை முழுசாகத் திறந்து, ஃபில்டரையும் மாட்டிவிட்டு, படம் எடுக்கும் நொடியில் மட்டும் விளக்கைப் போடுங்கள். மெல்லிய பேண்டுக்கான நீண்ட படத்தை முதலில் எடுங்கள், தடித்த பேண்டுகள் காத்திருக்கும். இந்தச் சாயம் 470 நானோமீட்டர் நீல ஒளியையும் நன்றாக ஏற்கும் என்பதால் நீல விளக்கு இருந்தால் அதுவே மேல், கண்ணுக்கும் தோலுக்கும் புற ஊதாவின் தொல்லை இல்லை.

பேண்டை வெட்டி எடுக்க வேண்டுமா? படத்தை ஜெல்லின் அசல் அளவிலேயே அச்செடுத்துக் கண்ணாடித் தட்டுக்கு அடியில் வைத்து, மேலே ஜெல்லைப் பொருத்தி, புற ஊதா விளக்கே இல்லாமல் வெட்டலாம்.

ஏற்கெனவே மங்கிவிட்டதா? சாயம் புரதத்தைச் சுற்றியுள்ள எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளின் பூச்சில் ஒட்டியிருக்கிறதே தவிர வேதிப் பிணைப்பு எதுவும் இல்லை. திரும்பச் சாயக் கரைசலில் போட்டு, ஃபாயில் சுற்றி வையுங்கள், புதுச் சாயம் ஏறி ஓரளவு மீண்டும் ஒளிரும்.