செருகுநிரல்: செருகவும் வேண்டும், உருவவும் வேண்டும்

செருகுநிரல் (பெயர்ச்சொல், வினைத்தொகை): ஒரு மென்பொருளின் மூல நிரலில் கை வைக்காமல், அது திறந்து வைத்திருக்கும் இடத்தில் செருகி, அதற்குப் புதிய வேலை கற்றுத்தரும் சிறு நிரல். பேச்சில் 'பிளகின்'.

உலாவி, வேர்ட்பிரஸ், படத்திருத்தி என்று எங்கும் புழங்கும் சொல்தான். ஆனால் அதன் எல்லை எது என்பதை முனையத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெளிவாகும். கட்டளை தட்டும் கறுப்புத் திரைக்குள் முனையம், தட்டிய கட்டளையைப் படித்து இயக்கும் ஷெல், அமைப்புக் கோப்பு, ஸ்கிரிப்ட் என்று நாலும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எதைச் செருகினாலும் பிளகின் என்றே சொல்லிவிடுகிறோம்.

முதலில் சொல். 'பிளக்' டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதன் பொருள் தக்கை, அடைப்பான். பீப்பாயின் ஓட்டையை அடைக்கும் கட்டை. மின்சாரம் வந்தபின் சுவரில் மாட்டும் முளைக்கு அந்தப் பெயர் ஒட்டியது. அங்கிருந்து மென்பொருளுக்குத் தாவியது. 1987இல் ஆப்பிளின் ஹைப்பர்கார்டு வெளியிலிருந்து சேர்க்கும் கட்டளைகளை ஏற்றது. தொண்ணூறுகளில் ஃபோட்டோஷாப்பும் நெட்ஸ்கேப்பும் சொல்லைப் பரப்பின.

தமிழில் இந்த வேலைக்கு அடைத்தல் பொருந்தாது, செருகல்தான் பொருந்தும். கொசுவத்தைச் செருகுகிறோம், கொண்டையில் பூச் செருகுகிறோம், கூரை வீட்டில் அரிவாளை எரவாணத்தில் செருகி வைக்கிறோம். மூன்றிலும் பொதுவானது ஒன்று: செருகிய பொருள் தன் உருவம் மாறாமல் இருக்கும், வேண்டும்போது உருவி எடுக்கலாம். இதற்கு நேர்மாறான ஒரு செருகலும் தமிழில் உண்டு, அது இடைச்செருகல். பழைய பாட்டுக்குள் பின்னால் வந்த எவரோ சேர்த்துவிட்ட வரி. மூலத்தோடு கலந்துவிட்டதால் பிரித்தெடுக்கப் பதிப்பாசிரியர் படாத பாடு படவேண்டும். முனையத்தின் மூல நிரலை நீங்களே திருத்தித் தொகுத்து (கம்பைல் செய்து) ஓட்டினால் அது செருகுநிரல் அன்று, இடைச்செருகல். அடுத்த பதிப்பு வரும் நாளில் அந்த வேறுபாடு உறைக்கும்.

'நிரல்' என்றால் வரிசை. நிரல்நிறை என்று பொருள்கோள் வகையே இருக்கிறது. 'அன்பும் அறனும் உடைத்தாயின்' என்னும் குறளில் அன்புக்குப் பண்பும் அறனுக்குப் பயனும் வரிசைப்படி போய்ப் பொருந்துகின்றன அல்லவா, அதுதான். கட்டளைகளை வரிசையாக நிறுத்துவதால் புரோகிராமுக்கு நிரல் என்ற பெயர் பொருந்திவிட்டது.

செருகு+நிரல் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. செருகிய நிரல், செருகுகின்ற நிரல், செருகும் நிரல் என மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கின்றன. ஆகவே சேர்த்தே எழுத வேண்டும், நடுவில் இடைவெளி கூடாது. பேச்சு வழக்கைப் பின்பற்றிச் 'சொருகுநிரல்' என்பாரும் உண்டு, பிழையில்லை. 'செருகி' என்று சுருக்குவதில் மட்டும் ஒரு சிக்கல்: அது வினையெச்சமும்கூட. 'செருகி இயக்கவும்' என்று பொத்தானில் எழுதினால் செருகியை இயக்குவதா, எதையோ செருகிவிட்டு இயக்குவதா? 'நீட்சி' எக்ஸ்டென்ஷனுக்கு உரியது. அதை அதற்கே விட்டுவிடலாம்.

டெர்மினலுக்கு முனையம். லத்தீனில் எல்லை, முடிவு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது டெர்மினல். பேருந்து போய் நிற்கும் முனையமும் தரவுக் கம்பி போய் முடியும் முனையமும் ஒன்றுதான். கிளாம்பாக்கத்துப் பலகையில் உள்ள அதே சொல். கம்பியின் மறுமுனையில் அப்போது உண்மையாகவே ஒரு பெட்டி இருந்தது. 1978இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 அவற்றில் புகழ்பெற்றது. 80 நெடுவரிசை, 24 வரி. இன்று பெட்டி இல்லை, அதைப் போல நடிக்கும் மென்பொருள் இருக்கிறது. எமுலேட்டருக்குப் 'போன்மி' நல்ல சொல்தான், ஆனால் மீமுக்கும் சிலர் அதையே போடுகிறார்கள். நுட்பக் கட்டுரையில் ஒருமுறை 'முனையப் போன்மி' என்று சொல்லிவிட்டு, பிறகு வெறுமனே முனையம் என்றால் போதும்.

எது செருகுநிரல் இல்லை?

ஷெல்லுக்கு எழுதியது முனையத்தின் செருகுநிரல் ஆகாது. குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். கட்டளை வரியின் முகப்பில் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கிளையின் பெயர் வண்ணத்தில் தெரிகிறது, பாதி தட்டியதும் மீதியைச் சாம்பல் நிறத்தில் காட்டுகிறது என்றால் அவை ஷெல்லின் வேலைகள். சோதிக்க எளிய வழி உண்டு. வேறொரு முனையத்தைத் திறந்து அதே ஷெல்லை ஓட்டுங்கள். வசதி கூடவே வந்தால் ஷெல்லுடையது, வராவிட்டால் முனையத்துடையது.

அமைப்புக் கோப்பும் செருகுநிரல் இல்லை. எழுத்துரு எது, பின்னணி நிறம் எது என்று மதிப்புகளை மட்டும் எழுதுவது அமைப்பு. ஒரு நிகழ்வு நடந்தால் இந்த நிரலை ஓட்டு என்று கொக்கி போடுவது செருகுநிரல். (ஹூக்குக்குக் கொக்கியைவிட நல்ல சொல் தேட வேண்டாம்.) வெஸ்டெர்ம் என்னும் முனையம் இந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. அதன் அமைப்புக் கோப்பே லுவா மொழியில் எழுதிய நிரல். அதற்குள்ளேயே கொக்கி போடலாம், கிட் முகவரி கொடுத்துப் பிறர் எழுதியதையும் இழுத்துக்கொள்ளலாம்.

ஸ்கிரிப்டுக்கு நான் போடுவது 'உரைநிரல்'. தொகுக்காமல் உரைக் கோப்பாகவே ஓடுவதால் அந்தப் பெயர். 'குறுநிரல்' என்றால் வலைப்பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரலான ஆப்லெட்டோடு மோதும்.

கிட்டியும் அதன் குட்டிகளும்

காலிபர் மின்னூல் மென்பொருளை எழுதிய கோவித் கோயலின் முனையம் கிட்டி. பூனையைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர். ஆகவே அதன் செருகுநிரலுக்குக் 'கிட்டன்' என்று பெயர் வைத்தார்கள், பூனைக்குட்டி என்று பொருள். தமிழில் 'குட்டி' என்றே சொல்லிவிடலாம். ஒலியும் ஒட்டுகிறது, பொருளும் ஒட்டுகிறது. இப்படிப்பட்ட வாய்ப்பு மொழிபெயர்ப்பாளருக்கு அடிக்கடி அமைவதில்லை.

கூடவே வரும் குட்டிகளில் ஒன்று ஹின்ட்ஸ். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+இ அழுத்தினால் திரையில் தெரியும் ஒவ்வோர் இணைய முகவரியின் மேலும் ஓர் எண்ணோ எழுத்தோ முளைக்கும். அதைத் தட்டினால் முகவரி உலாவியில் திறக்கும். எதைக் குறிக்க வேண்டும், தேர்ந்ததை என்ன செய்ய வேண்டும் என்னும் இரண்டையும் நாமே பைத்தான் மொழியில் எழுதலாம். திரையில் உள்ள தமிழ்ச் சொல்லைத் தமிழ் விக்சனரி என்னும் இணைய அகராதியில் தேடும் குட்டி ஒன்றைச் செய்து பார்ப்போம்.

வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டரில்) புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் அடைவுக்குள் கிட்டி என்றோர் அடைவு இருக்கும். அதில் ஒரு பைத்தான் கோப்பு, அதற்குள் இரண்டு சார்புகள் (ஃபங்ஷன்கள்). முதலாவது 'மார்க்': திரையின் உரை முழுவதையும் வாங்கி, எந்த இடம் முதல் எந்த இடம் வரை குறி போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் தரும். இரண்டாவது 'ஹேண்டில்_ரிசல்ட்': தேர்ந்த சொல்லை வாங்கி, விக்சனரி முகவரியின் வாலில் ஒட்டி, 'பாஸ்' என்னும் ஆப்ஜெக்டின் 'ஓபன்_யுஆர்எல்' வழியாகத் திறக்கும். பிறகு கிட்டி.கான்ஃப் கோப்பில் ஒரே வரி: மேப், எஃப்1, கிட்டன், ஹின்ட்ஸ், இரட்டைக் கோடு போட்டு கஸ்டமைஸ்-பிராசஸிங், கடைசியில் கோப்பின் பெயர். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்5 அழுத்தினால் அமைப்பு மறுபடி ஏறும்.

இதில் தமிழனுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. சொல்லைப் பிடிக்க வழக்கமாகப் போடும் கோலம் (பேட்டர்ன்) 'பின்சாய்கோடு டபிள்யூ, கூட்டல் குறி'. பைத்தானின் வழக்கமான தேடலில் அது எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. 'செருகுநிரல்' என்ற சொல்லைக் கொடுத்தால் ச, ர, க, ந, ரல என்று ஐந்து துண்டாக வெட்டித் தரும். ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு குறி முளைத்துத் திரை அம்மை போட்டது போல ஆகிவிடும்.

மாற்று வழி, தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கிய 128 இடங்களையும் வரம்பாகக் கொடுப்பது. பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை. பைத்தானில் பதினாறடிமானத்தில் எழுத வேண்டும்: சதுர அடைப்புக்குள் பின்சாய்கோடு, சிறிய யூ, 0பி80, நடுவில் ஒரு கோடு, மறுபடி பின்சாய்கோடு, யூ, 0பிஎஃப்எஃப். அடைப்புக்கு வெளியே கூட்டல் குறி. இப்போது சொல் முழுசாக மாட்டும்.

அடுத்தது முகவரி. தமிழை அப்படியே ஒட்டாமல் பைத்தானின் 'குவோட்' சார்பு வழியாக விழுக்காட்டுக் குறியாக்கத்துக்கு, அதாவது ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியோடு இரண்டு எழுத்தாக எழுதும் முறைக்கு, மாற்றுங்கள். செருகுநிரல் என்பது யூனிகோடில் 11 குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட்டு, ஒவ்வொரு பைட்டுக்கும் 3 எழுத்து, மொத்தம் 99. பார்க்க அசிங்கம்தான், ஆனால் வழியில் உடையாது.

விக்சனரிக்குப் பதில் கணினியிலேயே வைத்திருக்கும் சொற்பட்டியலில் தேடுவதானால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 'ொ' என்னும் குறியை ஒரே இடமாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இரு பக்கத்தையும் ஒரே இயல்பு வடிவத்துக்கு (யூனிகோடு நார்மலைசேஷன்) கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். 'சொல்' இருக்கும் பட்டியலில் 'சொல்' இல்லை என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வேற்றுமை உருபு ஏறிய சொல் அகராதியில் கிடைக்காது என்பது தனித் தொல்லை. 'செருகுநிரலை' என்று தேடினால் வெறுங்கைதான்.

எங்கே ஓடுகிறது என்பதே கேள்வி

முழுக்க நாமே எழுதும் குட்டியில் மார்க்குக்குப் பதில் 'மெயின்' இருக்கும். அது தனி நிரலாக, மேலே விரியும் ஒரு சாளரத்தில் ஓடும். அங்கே கேள்வி கேட்கலாம், காத்திருக்கலாம், பிரிண்ட் போட்டால் கண்ணெதிரே தெரியும். ஹேண்டில்_ரிசல்ட் அப்படி இல்லை. அது கிட்டியின் சொந்தச் செயல்முறைக்குள்ளேயே (பிராசஸ்) ஓடுகிறது. அதற்குள் வலைக்குப் போய்ப் பத்து நொடி காத்திருந்தால் அந்தக் கிட்டியின் எல்லாச் சாளரங்களும் பத்து நொடி உறையும். நேரம் பிடிக்கும் வேலை எல்லாம் மெயினுக்கு, முடிவை ஒட்டும் வேலை மட்டும் ஹேண்டில்_ரிசல்ட்டுக்கு.

அங்கே போட்ட பிரிண்ட் எங்கே போனது என்று தேடுவோரும் உண்டு. கிட்டியை எங்கிருந்து கிளப்பினீர்களோ அங்கே போயிருக்கும். பிழை தேடும்போது ஒரு கிட்டிக்குள்ளிருந்து இன்னொரு கிட்டியைக் கிளப்புங்கள். இரண்டாவதில் நடப்பதன் புலம்பல் முதலாவதில் வரும்.

இன்னொரு வழக்கமான முறையீடு: நிரலைத் தனியாக ஓட்டினால் ஓடுகிறது, குட்டியாக ஓட்டினால் மாட்யூல் இல்லை என்கிறது. கிட்டியின் அதிகாரபூர்வத் தொகுப்பு தன் பைத்தானைத் தானே சுமந்து வருகிறது. நீங்கள் பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் வழியாக நிறுவியது கணினியின் பைத்தானில் கிடக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். பைத்தானோடு வரும் நூலகங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் வெளி நிரலாகக் கூப்பிடலாம்.

பிற முனையங்களில்

யூஆர்எக்ஸ்விடியில் செருகுநிரலுக்குப் பெர்ல் மொழி. அங்கே கொக்கி 'உண்மை' என்று திருப்பினால் நிகழ்வைத் தின்றுவிட்டதாகப் பொருள். முனையம் தன் வேலையைச் செய்யாமல் விடலாம். பெர்லிலோ கடைசி வரியின் மதிப்பு தானாகத் திரும்பிப் போகும். விசை அழுத்தத்தில் கொக்கி போட்டுவிட்டுத் திருப்ப வேண்டிய மதிப்பை எழுத மறந்தால், தட்டிய எழுத்தெல்லாம் மாயமாகும். வெற்று அடைப்புக்குறியைக் கடைசி வரியாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

டெர்மினேட்டரில் பைத்தான். கோப்பின் தலையில் 'அவெய்லபிள்' என்று பேரெழுத்தில் ஒரு பட்டியல் வைத்து அதில் வகுப்பின் பெயரைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் விருப்பத்தேர்வுகளில் செருகுநிரல் தலைகாட்டாது. 2020இல் பைத்தான் 3க்கு மாறியதால் அதற்கு முன் எழுதிய பலவற்றைத் திருத்தாமல் ஓட்ட முடியாது.

அலாக்ரிட்டியில் செருகுவாயே கிடையாது, வேண்டுமென்றே வைக்கவில்லை.

பயன்பாடு

'கிட்டிக்கு ஒரு செருகுநிரல் எழுதினேன்.' சரி.
'வெஸ்டெர்மில் எழுத்துருவை மாற்றச் செருகுநிரல் வேண்டுமா?' வேண்டாம், அது அமைப்பு.
'இசட்ஷெல்லின் செருகுநிரல்.' சரி, ஆனால் முனையத்தின் செருகுநிரல் என்று சொல்லாதீர்கள்.
'செருகுநிரலை நிறுவல் நீக்கு' என்று பொத்தானில் எழுதுகிறார்கள். 'உருவு' என்று எழுதிப் பார்க்கலாம், மூன்றே எழுத்து.