டிசம்பரில் தீவும் நகரமும்: எந்தக் கரை, எது முதலில்?

ஒக்டோபர் பிறந்துவிட்டால் வெள்ளவத்தையில் எங்கள் பயண டிக்கெட் கடை மேசைக்கு முன்னால் கிடக்கும் இரண்டு கதிரையும் வெறுமையாக இருப்பதில்லை. பிள்ளைகளுக்கு டிசம்பர் விடுமுறை, லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சொந்தங்களுக்குக் குளிர்கால லீவு, எல்லோரும் எங்காவது ஓரிடத்தில் ஒன்றுசேர வேண்டும். அநேகமானோர் கேட்பது ஒன்றுதான்: "நாலு நாள் சிட்டி, மூண்டு நாள் தீவு, அப்படி ஒரு பயணம் போட்டுத் தாங்கோ."

நல்ல ஆசைதான். ஆனால் பதினாறு வருடமாக டிக்கெட் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தீவும் நகரமும் கலந்த பயணத்தில்தான் ஆட்கள் அதிகமாகக் காசை இழக்கிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. தீவு எந்தக் கரையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, தீவைக் கடைசியில் வைத்துவிடுகிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பர் முதல் வாரத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒரு அழைப்பு வந்தது. கொட்டாஞ்சேனைக் குடும்பம், கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. என்னிடம் டிக்கெட் போட்டவர்கள் இல்லை, அழைத்த தங்கச்சியின் அக்கா என் வாடிக்கையாளர், அவர்தான் நம்பர் கொடுத்திருக்கிறார். "அண்ணா, இண்டைக்கு படகு ஓடாதாம்" என்றார். அவர் குரலுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம், அதற்குள் சின்னவன் அழுகிற சத்தம். தாய்லாந்தின் கோ சாமுய் தீவில் துறையடியில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைய திட்டத்தைக் கேட்டபோது எனக்கே மூச்சு முட்டியது. காலையில் படகில் டொன்சாக் துறை, அங்கிருந்து பஸ்ஸில் சூரத் தானி விமான நிலையம், அங்கிருந்து பாங்கொக் டொன் முவாங், பிறகு வாகனத்தில் நகரத்தின் மறுபக்கம் இருக்கும் சுவர்ணபூமி, இரவு கொழும்பு விமானம். எல்லாம் ஒரே நாளில், இரண்டு விமானமும் வெவ்வேறு டிக்கெட். முதல் கண்ணி அறுந்ததும் மற்றதெல்லாம் போய்விட்டது. தனித்தனியாக வாங்கிய டிக்கெட் என்றால் அடுத்த விமான நிறுவனத்துக்கு உங்கள் படகைப் பற்றி எந்தப் பொறுப்பும் கிடையாது, நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஐந்து பேருக்குப் புது டிக்கெட், மேலதிகமாக இரண்டு இரவு ஹோட்டல். அந்த அம்மாவின் பிரஷர் மாத்திரையும் பயண நாட்களின் கணக்குக்குத்தான் கொண்டுபோயிருந்தார்கள்.

இத்தனைக்கும் அந்தக் கடல் அன்று ஒன்றும் அதிசயமாகப் பொங்கவில்லை. நம் ஊர்க் கடற்றொழிலாளிகள் வாடை என்று சொல்லும் அந்த வடகிழக்குக் காற்றின் காலம்தான் அங்கேயும். டிசம்பரில் திருகோணமலைக்குப் போய் புறாத்தீவுக்குப் படகு கேட்பீர்களா? மாட்டீர்கள், ஹிக்கடுவை, மிரிஸ்ஸ பக்கம் போவீர்கள். தாய்லாந்தின் வரைபடத்தையும் அப்படியே பாருங்கள். கிழக்கே வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சாமுய், கோ பங்கான் எல்லாம் திருகோணமலை மாதிரி, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, நவம்பரில் உச்சம். மேற்கே அந்தமான் கடல் பக்கம் இருக்கும் புக்கெட், கிராபி எல்லாம் ஹிக்கடுவை மாதிரி, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அநேகமாக நல்ல வெயில். மலேசியாவிலும் இதே கதைதான். மேற்குக் கரையின் லங்காவி டிசம்பருக்கு ஏற்றது, கிழக்குக் கரையின் ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பல ஹோட்டல்கள் அந்த மாதங்களில் மூடியே கிடக்கும். ஹோட்டல் விலை திடீரென்று பாதியாகக் காட்டினால் சந்தோஷப்படாமல் முதலில் கரையைப் பாருங்கள்.

சிங்கப்பூரோடு பின்டான் தீவைச் சேர்க்கப் பலர் கேட்பார்கள். சிங்கப்பூருக்கு நமக்கு முன்கூட்டி விசா தேவையில்லை, ஆனால் பின்டான் இந்தோனேசியா, படகில் ஒரு மணித்தியாலம்தான் என்றாலும் அது வேறு நாடு, விசா விதி வேறு. திரும்பி வரும்போது சிங்கப்பூர் வருகைப் படிவத்தை மறுபடியும் நிரப்ப வேண்டும். அதோடு டிசம்பரில் அங்கேயும் மழைதான். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு சிங்கப்பூரிலேயே இருக்கும் செந்தோசாத் தீவே போதும் என்றுதான் நான் சொல்வேன்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் கொழும்புக்கு வருவதாக இருந்தால் எனக்குப் பிடித்தது மாலைதீவு. கொழும்பே நகரம், ஒன்றரை மணி நேரப் பறப்பில் தீவு, விசா அங்கே இறங்கியதும் இலவசம், பயணப் படிவத்தை மட்டும் பறப்புக்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். ஆனால் தூரத்து ரிசோர்ட் தீவுகளுக்குப் போகும் கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலையில் மாலேயில் இறங்குகிற டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால் அந்த இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் அறை எடுக்க வேண்டிவரும், மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். மாஃபுஷி மாதிரி உள்ளூர்த் தீவுக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைக் கவனியுங்கள், அன்று வழமையான அரச படகுச் சேவை பொதுவாக இருக்காது, ஸ்பீட்போட்டுக்குக் காசு கட்ட வேண்டிவரலாம். அப்புறம் 24ஆம், 31ஆம் திகதிகள். பல ரிசோர்ட்டுகளில் அந்த இரவுகளுக்கு விருந்துக் கட்டணம் கட்டாயம், அறை விலையில் அது தெரியாது, தலைக்கு இவ்வளவு என்று பின்னால் வரும். முன்பதிவுக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எந்த நாடாக இருந்தாலும் வரிசையை மாற்றிப் போடுங்கள், தீவு முதலில், நகரம் கடைசியில். படகு ஒரு நாள் நின்றால் நகரத்தில் ஒரு நாள் குறையும், ஊர் திரும்பும் விமானம் தப்பாது. "போய் இறங்கின களைப்போட உடனே தீவுக்கா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், முதல் இரவு நகரத்தில் தூங்கிவிட்டுப் போங்கள், கடைசி இரண்டு இரவுகளை மட்டும் நகரத்துக்கு வையுங்கள். முடிந்தால் எல்லா விமானமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்கட்டும். பயணக் காப்புறுதியை டிக்கெட் எடுக்கும் நாளிலேயே எடுங்கள், புயல் வருகிறது என்று செய்தி வந்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குப் பொதுவாக நட்டஈடு கிடைக்காது. கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும், பிள்ளைகளின் கடவுச்சீட்டைத்தான் எல்லோரும் பார்க்க மறந்துவிடுகிறார்கள். பெரியவர்களின் மாத்திரையை ஐந்து நாளுக்காவது கூடுதலாக, கைப்பையில்.

அந்தக் கொட்டாஞ்சேனைத் தங்கச்சி இந்த முறை ஓகஸ்ட்டிலேயே வந்துவிட்டார். அம்மா திருவெம்பாவைக்குக் கோயிலில் இருக்க வேண்டும் என்பதால் அதற்கு முன்னமே திரும்பும்படி திகதி பார்த்தோம். பாங்கொக்கில் ஓர் இரவு, புக்கெட்டில் நாலு, திரும்ப பாங்கொக்கில் இரண்டு. அம்மாவின் மாத்திரைக் கணக்கை அவரே ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.