அப்கிரேடு: மேம்படுத்தலா, தரமுயர்த்தலா, ரேம் ஏற்றுதலா?

ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் மீன் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவர், 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடை ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், பற்றுவரவு எழுதும் தம் பழைய பென்டியம் கணினியைக் காட்டி, “தம்பி, இதுக்குக் கொஞ்சம் ரேம் ஏத்திக் குடுங்க, ரொம்ப இழுக்குது” என்றார். ரேம் என்னும் கணினி நினைவகத்தைக் கூட்டும் இதே வேலையைக் கணினி பழுதுபார்க்கும் கடையில் ‘அப்கிரேடு’ என்பார்கள். எழுத்துத் தமிழில் ‘மேம்படுத்தல்’ என்றும் ‘தரமுயர்த்தல்’ என்றும் வரும். இவை ஒரே பொருளைத் தரும் சொற்கள் அல்ல என்பதை அந்தக் கணினியே எனக்குக் காட்டியது.

‘அப்கிரேடு’ 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெயர்ச்சொல்லாகத் தோன்றியது. சாலையோ இருப்புப்பாதையோ மேல்நோக்கி ஏறும் சரிவுக்கு அப்போது அது பெயர். பதவியையோ தகுதியையோ ஒரு நிலை உயர்த்துதல் என்னும் வினைப்பொருள் பின்னர்தான் வந்து சேர்ந்தது. சொல்லின் பிற்பாதியைத் தோண்டினால் இலத்தீனின் ‘கிராடுஸ்’ கிடைக்கும். எடுத்து வைக்கும் அடி, ஏணியின் படி என்பன அதன் பொருள்கள். தமிழில் ‘படி’யும் இப்படித்தான் கல்லில் வெட்டிய படியில் தொடங்கிப் படிநிலை, படிப்படி என்று தகுதியின் அளவைக் குறிக்கும் சொல்லாக விரிந்திருக்கிறது. ஆகவே மூலப்பொருளின்படி அப்கிரேடு என்பது ஒரு படி ஏறுதலே; ஏறிய இடம் நல்ல இடமா என்பதை அச்சொல் சொல்வதில்லை.

கணினித் துறையில் இதனோடு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்துகொண்டது: உடல் அதுவாகவே இருக்க வேண்டும், உறுப்பு மட்டும் உயர வேண்டும். 1981இல் ஐபிஎம் வெளியிட்ட தனியாள் கணினி, மிகக் குறைந்த அமைப்பில் 16 கிலோபைட் நினைவகத்தோடு வந்தது. தாய்ப்பலகையில் காலியாக விடப்பட்டிருந்த குழிகளில் ஒவ்வொரு 16 கிலோபைட்டுக்கும் ஒன்பது சில்லுகளை, எட்டு தரவுக்கும் ஒன்று பிழையறிவதற்குமாக, கையால் அழுத்திப் பொருத்தி 64 கிலோபைட் வரை உயர்த்தலாம். பொருத்தியபின் பலகையிலிருக்கும் சிறு விசைகளைத் தள்ளி எவ்வளவு கூட்டினோம் என்பதை இயந்திரத்துக்குச் சொல்லவும் வேண்டும். அப்கிரேடுக்கும் முழு மாற்றுக்கும் உள்ள வேறுபாடு பாம்பனில் நின்று பார்த்தால் விளங்கும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தையே வலுப்படுத்தி, 2007இல் மீட்டர் பாதையிலிருந்து அகலப்பாதைக்கு மாற்றியது அப்கிரேடு. அதன் பக்கத்திலேயே புதிதாகக் கட்டி 2025இல் திறந்த செங்குத்துத் தூக்குப் பாலம் அப்கிரேடு அன்று, மாற்று.

இனிக் கமிஷன் கடைக் கணினிக்கு வருவோம். அதில் இருந்தது 32 மெகாபைட். அதை எடுத்துவிட்டு, 168 முனைகள் கொண்ட 64 மெகாபைட் அட்டைகள் இரண்டைச் செருகினேன். முதல் முயற்சியில் திரை எழவில்லை, பீப் ஒலி மட்டும் வந்தது. செருகுமுனையை வெளிச்சத்தில் பிடித்தபோது பொன்பூச்சின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. உப்புக்காற்று மெல்லிய பூச்சின் நுண்துளை வழியே அடியிலுள்ள செம்பைப் பிடித்துவிட்டது. அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தபின் கணினி எழுந்தது. இதுவும் ரசீதில் அப்கிரேடு என்றே போகும் என்றாலும், பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதற்கு நம்மிடம் உள்ள ‘துலக்குதல்’ என்னும் சொல்லே இதற்குப் பொருந்தும் என்பேன்.

நினைவகம் நான்கு மடங்கானது. வேகமோ முன்பைவிடக் குறைந்தது. அக்காலப் பென்டியம் பலகைகள் பலவற்றில் ‘கேஷ்’ என்னும் விரைவு நினைவகத்தின் துணை முதல் 64 மெகாபைட்டுக்கு மட்டுமே உண்டு. அதற்கு மேற்பட்ட பகுதியைத் தொடும்போதெல்லாம் ‘பிராசஸர்’ என்னும் செயலி காத்திருக்க வேண்டும். விண்டோஸ் 98 போன்றவை நினைவகத்தை மேல்முனையிலிருந்து பயன்படுத்தத் தொடங்குவதால், அந்த மெதுவான பகுதியே முதலில் நிரம்பும். இந்த இடத்தில்தான் ‘மேம்படுத்தல்’ காலை வாருகிறது. மேம்பாடு என்றால் நன்மை நிகழ்ந்துவிட்டது என்றே பொருள். ‘மேம்படுத்தினேன், மோசமாயிற்று’ என்று தமிழில் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். ‘அப்கிரேடு செய்தேன், மெதுவாகிவிட்டது’ என்பதில் அந்த முரண் இல்லை.

‘தரமுயர்த்தல்’ இதைவிடப் பொருத்தமானது. நடுநிலைப்பள்ளி உயர்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்த்தப்பட்டது என்னும் செய்தியில் கட்டடமும் ஊரும் அவையே, வகுப்பு மட்டுமே ஏறுகிறது. பாடம் நன்றாக நடக்கிறதா என்பது வேறு கேள்வி. செயலியையோ ஒலியட்டையையோ உயர்வகைக்கு மாற்றுவதற்கு இச்சொல்லைத் தயங்காமல் எழுதலாம். ‘இற்றைப்படுத்தல்’ என்பது அப்டேட்டுக்கு உரியது, மென்பொருளை இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது. அதை இங்கே கலந்துவிடக் கூடாது. ‘படியேற்றம்’ வேர்ப்பொருளுக்கு அச்சாகப் பொருந்தினாலும் வழக்கில் இல்லை, நான் வலியுறுத்தவும் மாட்டேன்.

ரேமை மட்டும் பெருக்குவதற்குக் கடைக்காரர் சொன்ன ‘ஏற்றுதல்’ அழகான சொல்தான். கடலின் ஏற்றவற்றத்தைப் பார்த்து வாழ்கிறவர்களுக்கு ஏறுவது எல்லாம் நன்மைக்கே என்னும் மயக்கம் இராது. ஆனால் கணினித் தமிழில் பதிவேற்றம் முதலான சொற்கள் அவ்வேரை முன்பே எடுத்துக்கொண்டன. ‘நினைவகத்தில் ஏற்றுதல்’ என்றால் நிரலைக் கொண்டுபோய் அதில் இடுவது என்று ஆகிவிடும். எனவே எழுத்தில் ‘நினைவகம் கூட்டுதல்’ என்பதே குழப்பமற்றது என்பது என் முடிவு. ‘நினைவகம்’ என்றதும் இக்கரையில் பலருக்குப் பேக்கரும்பில் 2017இல் திறந்த அப்துல் கலாம் நினைவகமே மனத்தில் வரும் என்பது உண்மை. ‘கணினி நினைவகம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தத் தொல்லையும் தீரும்.

அட்டைகளில் ஒன்றைக் கழற்றி 64 மெகாபைட்டில் நிறுத்தியதும் கணினி சுறுசுறுப்பாக ஓடியது. துண்டுச்சீட்டில் ‘கணினி நினைவகம் கூட்டியது, 64 மெகாபைட்’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி இருமுறை படித்த கடைக்காரர் நிமிர்ந்து, “அப்ப ரேம் ஏத்தலையா தம்பி?” என்று கேட்டார்.