வாடை தொடங்கினால் ஜிபிஎஸ் ஏன் தடுமாறுகிறது?

"கச்சான் வீசும்போது ஒழுங்காக வேலை செய்த படகு ஜிபிஎஸ் அன்ரெனா, வாடை தொடங்கியதும் செயற்கைக்கோள்களைத் தவறவிடுகிறது. எஃப்ஆர்4 பலகையில் நானே வெட்டிச் செய்தது. பலகையை மாற்ற வேண்டுமா?" என்று உப்புவெளி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். திருகோணமலைக் கடற்காற்றில் அது பச்சை பூத்திருந்தால் பலகையைக் குறை சொல்லிப் பயனில்லை. சுத்தமாக இருந்தால் மேற்கொண்டு வாசியுங்கள்.

எஃப்ஆர்4 என்பது கண்ணாடி இழைத் துணியை எப்பொக்சிப் பிசினில் ஊறவைத்து அழுத்திய பலகை. அதன் மின்னுழைய மாறிலி 4.2இலிருந்து 4.6 வரை எங்கேயும் நிற்கலாம். ரேடியோ அலை பலகைக்குள் எவ்வளவு சுருங்கும் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. ஜிபிஎஸ் மீடிறனான 1575.42 மெகாஹேர்ட்ஸுக்கு வெட்டிய பேட்ச் (தட்டைச் செம்புத் துண்டு) அன்ரெனாவில் மாறிலி 0.1 கூடினாலே இசைவு, அதாவது அன்ரெனா ஒத்திசையும் மீடிறன், ஏறத்தாழ 18 மெகாஹேர்ட்ஸ் இறங்கிவிடும். 1.6 மி.மீ. பலகையில் அந்த அன்ரெனா நன்றாகக் கேட்கும் மீடிறன் அகலமே இருபது, முப்பது மெகாஹேர்ட்ஸ்தான். நீரின் மாறிலியோ 80க்குக் கிட்ட. மழையோடு வரும் வாடையில், வெட்டிய விளிம்பில் இழையோரமாக ஊறும் கொஞ்ச ஈரமும் எண்ணை மேலே தள்ளும்.

மாறிலியைவிடச் சுவையான சங்கதி இழப்பு, அதாவது அலையின் வலு பலகைக்குள் சூடாகிப் போவது. எப்பொக்சிச் சங்கிலியில் ஆங்காங்கே ஒட்சிசன்-ஐதரசன் கூட்டங்கள் தொங்குகின்றன. ஒரு முனை நேர், மறுமுனை மறை. மின்புலம் திசை மாறும்போதெல்லாம் அவையும் அதனோடு திரும்ப முயலும். நிலாவெளியில் கரைவலை இழுப்பவர்களை நினையுங்கள். அம்பா எனும் வலையிழுப்புப் பாட்டின் அடிக்கு எல்லாரும் சேர்ந்து இழுத்தால் வலை வரும். ஒருவர் சற்றுப் பிந்தினால் அவருடைய பலம் பக்கத்து ஆளோடு மல்லுக்கட்டுவதில் போகும். அப்படிப் பிந்தும் கோணத்தின் தான்சன்தான் இழப்புத் தான்சன். எஃப்ஆர்4இல் அது 0.02, அதாவது ஒரு பாகையைக் கொஞ்சம் தாண்டிய பிந்தல். ஒரு பாகைதானே என்று விட முடியாது. அலை ஓர் அலைநீளம் ஓடுவதற்குள் வலுவில் பத்தில் ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். 9.4 கிகாஹேர்ட்ஸ் ராடரில் பலகைக்குள் அலைநீளம் 17, 18 மி.மீ.தான், 10 சென்ரிமீற்றர் பாதையில் கிட்டத்தட்டப் பாதி வலு காணாமல் போகிறது. கப்பல்களை அடையாளம் காட்டும் 162 மெகாஹேர்ட்ஸ் ஏஐஎஸ் கருவிக்கு அதே 10 சென்ரிமீற்றர் ஓர் அலையில் பத்திலொரு பங்கு. இழப்பு நூற்றுக்கு ஒன்று. விஎச்எஃப் (படகு வானொலி), ஏஐஎஸ் செய்பவர்கள் எஃப்ஆர்4ஐ விட்டு நகரத் தேவையில்லை.

எஃப்ஆர்4க்கு மாற்றான டெஃப்லோன் பலகையில் காபனைச் சுற்றிப் புளோரின் சமச்சீராக நிற்பதால் திரும்புவதற்கு ஒன்றுமில்லை, இழப்பு 0.001க்கும் கீழே. ஆனால் பலகையில் இடும் துளைகளின் சுவரைப் பிளாஸ்மாவாலோ சோடியக் கரைசலாலோ பதப்படுத்தாவிட்டால் செம்பு ஒட்டாது. நடுவழி, ரொஜர்ஸ் 4350பி என்ற பலகை: இழப்பு 0.0037, ஈரம் உறிஞ்சுவது 0.06 சதவீதம், எஃப்ஆர்4க்குச் செய்யும் துளையிடலும் முலாமும் அப்படியே போதும். விவரத்தாளில் மாறிலி 3.48 என்று முன்னுக்கு நிற்கும். கணக்குக்கு எடுக்க வேண்டியது வடிவமைப்பு எண்ணான 3.66. அதன்படி 0.508 மி.மீ. பலகையில் 50 ஓம் செம்புப் பாதை ஏறத்தாழ 1.1 மி.மீ. அகலம்.

தங்கம் பூசினால் சிக்னல் நன்றாக ஓடும் என்று ஒரு மூடநம்பிக்கை உண்டு. எலுமிச்சம்பழம் கட்டினால் செலவாவது மிச்சம். தங்கத்துக்கு அடியில் நிக்கல் படை இருக்கிறது. பாதையின் ஓரங்களில் நெரிந்து ஓடும் உயர்மீடிறன் மின்னோட்டம் செம்பை விட்டு அந்த நிக்கலில் மாட்டி வலுவை இழக்கிறது.

உப்புவெளி வாசகர் இப்போதே பலகை மாற்ற வேண்டாம். கேபிளையும் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றிவிட்டு, மின் போறணையில் 105 பாகை செல்சியஸில் நாலு மணித்தியாலம் உலர்த்துங்கள். அன்ரெனா மீண்டால் குற்றவாளி ஈரம்தான். சூடு ஆறியதும் வெட்டிய விளிம்புகளில் மட்டும் எப்பொக்சி பூசுங்கள். முகத்தில் பூசினால் இசைவு மறுபடி இறங்கும். பிறகு பேட்ச் செம்பின் ஓரத்தை அரத்தால் மயிரிழை மயிரிழையாகத் தேய்த்துத்தான் அதை மேலே ஏற்ற வேண்டியிருக்கும்.